இருமிக் காட்டு

“புள்ள இருமுற மாதிரியே இருமிக் காட்டும்மா. கூச்சப்படாதே.”

ஆஸ்பத்திரி வரிசையில் நர்ஸ் ராணியம்மாள் இப்படிக் கேட்டால் இருமித்தான் ஆக வேண்டும். கார்த்திகை தீபம் முடிந்து மலையில் பனி இறங்கிய மாதம். குழந்தைகளோடு தாய்மார்களும் சேர்ந்து இருமுகிறார்கள். ஒருத்தி நாய் குரைப்பதுபோல் இருமியதும் வரிசையே சிரித்தது. ராணியம்மாள் சிரிக்கவில்லை. “குரலும் கம்மிப் போச்சா? அப்ப தொண்டை. மொதல்ல டாக்டர் பாக்கட்டும்.” விடாமல் இருமி, கடைசியில் ‘ஊ’ என்று மூச்சை இழுத்துக் காட்டினால் கக்குவான். மூக்கு ஒழுகினாலும் பால் குடித்து விளையாடும் பிள்ளைக்கு வெறும் சளி. “இதுக்குப் போய் ஊசி கேக்கறியே! வூட்டுக்குப் போ.”

எல்லாவற்றுக்கும் ‘மாந்தம்’ என்று சொல்பவர்களைக் கண்டால்தான் அவருக்குக் கோபம். “பேரை நான் வெச்சுக்கறேன். நீ சத்தத்தைச் சொல்லு.”

அடுத்தது சட்டை. குழந்தையின் சட்டையைக் கழுத்துவரை தூக்கி, தன் மூச்சை அடக்கிக்கொண்டு விலாவைப் பார்ப்பார். சட்டையை அவரே இறக்கிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இறக்காவிட்டால் டாக்டரிடம். அக்கா மகனோடு அடிக்கடி அந்த வரிசையில் நிற்கிறேன். பி.ஏ. முடித்தும், கடவுளிடம் கேட்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாதவன் நான். அந்த நேரத்தில் மட்டும் சட்டையைப் பிடித்திருக்கும் அந்தக் கையைப் பார்த்து எதையோ வேண்டிக்கொள்கிறேன்.

சென்ற வாரம் அடி அண்ணாமலையிலிருந்து ஆராயி என்பவள் தன் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“இருமிக் காட்டும்மா.”

“இரும்பு குடுத்துட்டேங்க” என்று பிள்ளையின் கையைக் காட்டினாள். பிஞ்சு விரல்களுக்குள் பெரிய சாவி. வரிசை மறுபடி சிரித்தது.

“எதுக்கு இரும்பு?”

“இழுப்புங்கம்மா. இழுப்புன்னு கத்தினேன், ஏத்திக்கினு வந்த வண்டிக்காரரு அவுரு வூட்டுச் சாவியக் குடுத்தாரு.”

வலிப்புக்கும் இழுப்பு என்றுதான் பெயர். மூச்சுத் திணறலுக்கும் அதே பெயர். வலிப்பு கண்டால் கையில் இரும்பு கொடுப்பது ஊர் வழக்கம்.

“எது இழுக்குது? கை காலா?”

ஆராயி வயிற்றை உள்ளிழுத்து, மூக்கு விடைக்க, படபடவென்று மூச்சுவிட்டுக் காட்டினாள். சிரிப்பு நின்றது.

ராணியம்மாள் சட்டையைத் தூக்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே குழி விழுந்தது.

“பால் குடிக்குதா?”

“வாயே வெக்கலீங்க.”

“நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. நிமோனியாவா இருக்கும். வா, வா.” தூக்கிய சட்டையோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு விரைந்தார்.

பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு பென்சிலின் ஊசி போட்டார்கள். வண்டிக்காரர் கண்ணாயிரம் தினமும் வாசலில் வந்து நின்றார்.

“சாவிக்கா வந்தீங்க?” என்று ராணியம்மாள் கேட்டார்.

“இல்லீங்கம்மா. பூட்ட ஒடச்சுக்கினேன். புள்ள எப்டிக் கீது?”

இன்று காலை ஆராயியின் பிள்ளை பால் குடித்துவிட்டு அந்தச் சாவியைக் கடித்துக்கொண்டிருந்தது. ராணியம்மாள் சட்டையைத் தூக்கினார், மூச்சை அடக்கினார். வாசலில் கண்ணாயிரம் எட்டிப் பார்த்தார். ஆராயியின் கண் அந்தக் கையைவிட்டு நகரவில்லை.

ராணியம்மாள் மூச்சை விட்டார். சட்டையை இறக்கிவிட்டு, பொத்தானையும் போட்டார்.