கூரைக்கு மேல் பெய்த மழை

செவ்வாய்க்கிழமை காலை லுணுகலையிலிருந்து தொலைபேசி வந்தது. விவசாயப் போதனாசிரியர் யோகராசா ஐயா மாரடைப்பால் காலமாகிவிட்டார். அவரை அறியாதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கையால் அறை வாங்கியவன் நான். அது எனக்குத் தகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்தவர் அவர். நமுனுகுலவில் எங்கள் முதலாளி ஏற்றுமதிக்குப் பூ வளர்க்கப் பொலித்தீன் கூடாரங்கள் போட்டபோது, தேயிலை மலையில் பழகிய என்னை மேற்பார்வைக்கு வைத்தார். மலையில் மருந்தடித்தால், நல்ல மழை ஒன்று பெய்த பிறகு ஆட்களை இறக்குவோம். அதுதான் எங்கள் வழக்கம்.

ரோசாக் கூடாரத்தில் பூச்சிமருந்து அடித்த மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. நான் நான்கு பெண்களை உள்ளே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் மாரியாயி வாயில் நுரை தள்ளிப் பாத்திக்குக் குறுக்கே விழுந்து துடித்தாள். தூக்கப் போன செல்வியும் சரிந்தாள். அன்று கூடாரம் பார்க்க வந்திருந்த ஐயா, என் கையிலிருந்த கவாத்துக் கத்தியைப் பிடுங்கிப் பொலித்தீன் சுவரை மேலிருந்து கீழாகக் கிழித்தார். நான்கு பேரையும் வெளியே இழுத்துப்போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். பிறகுதான் என்னை அறைந்தார்.

"மழை பெஞ்சிருச்சுங்களே ஐயா" என்றேன்.

"மழை எங்கை பெய்தது? கூரைக்கு மேலை. மருந்து கூரைக்குக் கீழையெல்லோ கிடக்கு. வெளியிலை எண்டால் வெயிலும் மழையும் அதை உடைச்சுப்போடும். இதுக்குள்ளை மழையே இல்லை, வெயிலிலையும் பாதியைப் பொலித்தீன் மறிச்சுப்போடும். இலையிலை நாட்கணக்கா அப்பிடியே நிக்கும், ஐசே."

செல்வி அன்று மாலையே ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

கூடாரத்தைக் கிழித்ததற்காக முதலாளியின் ஆட்கள் ஐயாவை இரும்புக் குழாயால் அடித்தார்கள். வலது கை முறிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இப்போதும் என்மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுவாரம் கட்டுப்போட்ட கையோடு வந்து கூடார வாசலை மறித்து உட்கார்ந்தார். "இலையைச் சோதிச்சு முடிவு வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது" என்றார். முடிவு வரும்வரை ஒருவரும் போகவில்லை.

இப்போது முதலாளி கொடுத்தனுப்பிய ரோசா மலர்வளையத்தை ஐயாவின் மரண வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவனும் நான்தான். பிழைத்துக்கொண்ட மாரியாயி வாசலிலேயே மறித்தாள்.

"எப்பங்க மருந்தடிச்சது?"

"நேத்து."

வளையத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். காலால் நசுக்கினாள்.

"எங்கள வெளிய இழுத்துப்போட்ட மனுசன். அவரு நெஞ்சுமேல இத வைக்க விடமாட்டேன்."

ஒரு பூகூட வைக்காமல்தான் உங்களை வழியனுப்பினோம், ஐயா. போய் வாருங்கள்.