மைக் பொத்தான் காணாமல் போன காலை

அந்தக் கேமரா ஆப்பைப் புதுப்பித்த புண்ணியவான் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால், களிமண் கையோடு கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அன்று வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரப் பிசிறைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். அம்மா இருந்தவரை, வேலைக்குப் போகும் வழியில் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் போவேன். அவள் இறந்ததும், இரண்டு தெரு தள்ளியிருந்த அப்பாவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். என் கணவரும் கம்மாபுரம் பக்கம் வேலைக்குப் போய்விடுவார். பகலெல்லாம் பெரியவர் தனியாக இருக்கிறாரே என்று ஹாலில் ஒரு கேமரா மாட்டினார். போனில் அம்புக்குறியைத் தொட்டால் அது கழுத்தைத் திருப்பும். கீழே பெரிய வட்டமாக ஒரு மைக் பொத்தான். அதை அழுத்திப் பேசினால் வீட்டில் என் குரல் கேட்கும்.

அப்பா அப்போது வெளியே போவதையே விட்டிருந்தார். பத்து மணிக்குச் சட்டை மாட்டுவார், குடையை எடுப்பார், வாசல்வரை போவார். பிறகு என்ன தோன்றுமோ, திரும்பி வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிடுவார். எட்டு மாதம் இப்படியே ஓடியது. கால் வீங்குகிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் டீ குடிக்க வரச்சொல்லி ஆள் அனுப்பினார். ம்ஹூம், அசையவில்லை.

ஒருநாள் கம்பெனியிலிருந்து கேமராவைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வாசலில் நின்றுகொண்டு, காலி வீட்டைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பதில் இல்லை. திரும்பிவிட்டார். நாற்பது வருஷமாக அம்மா அடுப்படியிலிருந்து தலையைக்கூடத் திருப்பாமல் "போயிட்டு வாங்க" என்பாள். அது காதில் விழாமல் அவர் படி இறங்கியதே இல்லை. நான் யோசிக்கக்கூட இல்லை. மைக்கை அழுத்தி, "போயிட்டு வாங்கப்பா" என்றேன். அண்ணாந்து கேமராவைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

அதிலிருந்து தினமும் பத்து மணிக்கு அவர் சொல்வார், நான் பதில் சொல்வேன். பக்கத்தில் வேலை செய்யும் பெண், "அக்காவுக்குப் பத்து மணி பூசை வந்துடுச்சு" என்று கிண்டல் பண்ணுவாள்.

அன்றைக்கு ஆப்பைத் திறந்தால் ஆளே மாறியிருக்கிறது. அம்புக்குறி இல்லை. மைக் இல்லை. மைக் இருந்த இடத்தில் 'இனிய தருணங்களைச் சேமியுங்கள்' என்று ஓர் இதயப் படம். அடப்பாவிகளா!

கேமரா ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவின் ஒரு தோளும் குடையும் மட்டும் தெரிந்தன. "போயிட்டு வரேம்மா" என்றார். எனக்கு நன்றாகக் கேட்டது. நான்தான் ஊமையாகிவிட்டேன். களிமண் ஒட்டிய விரலுக்குத் திரையும் மசியவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன்.

"செட்டிங்ஸ்ல பாருக்கா" என்றாள் பக்கத்துப் பெண்.

"பாத்துட்டேண்டி, அங்கயும் இல்ல. இவனுங்க வூட்டுல பெரியவங்களே கெடயாதா?"

மூலையில் ஒரு மணிப் படம் இருந்தது. இதுவாக இருக்குமோ என்று தொட்டேன். வீட்டில் சைரன் அலறியது. அப்பா பதறிப் பின்னால் நகர்ந்தார். சத்தம் நின்றதும், "என்னம்மா, கோவமா இருக்கியா?" என்று கேட்டார். அப்புறம் படத்தைவிட்டு விலகிப் போனார். வாசலுக்கா, கொடிப் பக்கமா? திருப்பிப் பார்க்க வழியில்லை. அவர் போனும் இரண்டு நாளாக ரிப்பேர் கடையில் இருந்தது. இன்றைக்குச் சட்டையைக் கழற்றினால் மறுபடி எத்தனை மாதம் உட்கார்ந்துவிடுவாரோ! ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வண்டியை எடுத்தேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் மேல் பட்டன்கள் இரண்டு கழன்றிருந்தன.

"நீ ஒண்ணும் சொல்லலியேம்மா. சத்தம் வேற போட்ட."

"நான் போடலப்பா, அந்தச் சனியன் போட்டுச்சு. பட்டனப் போடுங்க, டீ ஆறிடும்."

சிரித்துக்கொண்டே பட்டனைப் போட்டார். வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்றார்.

"போயிட்டு வாங்கப்பா."

படி இறங்கினார். நானும் வீட்டைப் பூட்டி, அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "நானும் கம்பெனிக்குப் போறேம்பா" என்று கத்தினேன். தெருவில் பாதி தூரம் போனவர் நின்று, குடையை ஊன்றித் திரும்பி வந்தார்.

"போறேன்னு சொல்லக் கூடாது. ஒழுங்கா சொல்லு."

"சரிப்பா. போயிட்டு வரேன்."

"போயிட்டு வாம்மா" என்றார்.

நான் காலையில் கிளம்பும்போது அவர் குளித்துக்கொண்டிருப்பார், கணவர் எனக்கு முன்னாலேயே போயிருப்பார். அம்மா இறந்ததிலிருந்து எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. அப்பா பார்க்கவில்லை.