பெரிய சக்கரம் போட்ட வேன்

கொட்டகலையில் நான் ஒரு பள்ளிக்கூட வேன் வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பாதையில் அடிப்பாகம் கல்லில் தட்டுகிறதென்று போன வருடம் அதற்குப் பெரிய சக்கரங்கள் போட்டேன். அடுத்த வாரமே, வேன் பயங்கர வேகத்தில் போகிறது என்று பெற்றோர் கூடிவந்து புகார் சொன்னார்கள். மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது என் கட்டளை. டிரைவர் செல்வம் பதறிப்போனார்.

"மீட்டர் முள்ளு அம்பதத் தாண்டவே இல்லைங்க முதலாளி. சத்தியமா."

"பொய் சொல்லாத! சாவியக் குடு!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தி, அவரை வேலையை விட்டு அனுப்பினேன்.

பிறகு நானே ஓட்டினேன். ஒரு நாள் பொலிஸ்காரர் மறித்து, நான் ஐம்பத்தேழில் வந்ததாக வேகம் அளக்கும் கருவியைக் காட்டினார். அவர் மறிக்கும்வரை என் முள்ளும் ஐம்பதில்தான் நின்றிருந்தது. நேரே கராஜுக்குப் போனேன்.

"மீட்டர் சக்கரம் சுத்துறதத்தாங்க எண்ணுது" என்றார் மெக்கானிக். "பெரிய சக்கரம் ஒரு சுத்துல கூடுதல் தூரம் போயிரும். அதே வேகத்துக்குச் சுத்து கொறையும். முள்ளும் கொறச்சுத்தான் காட்டும்."

அன்று மாலையே செல்வம் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. அன்னைக்கு அங்க நின்னவங்ககிட்டயும் சொல்லுவீங்களா?"

மறுநாள் காலை, பிள்ளைகளை ஏற்றிய ஒவ்வோர் இடத்திலும் இறங்கி நின்று பெற்றோரிடம் சொன்னேன். செல்வம் திரும்பி வரவில்லை.

சக்கரத்தை மாற்றியவன் நான். ஒரு நிமிடம் அதை யோசித்திருக்கலாம். அவரைப் பொய்யராக்குவது எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.