சேலைத் தலைப்பில் பாரிஸ் விலாசம்

ஐரோப்பாவில் போன ஊரெல்லாம், தங்கும் விடுதியின் விலாசத்தை இவர் ஒரு துண்டில் எழுதித் தருவார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தொலைந்துபோவேன் என்ற பயத்தில் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து, தடவித் தடவியே நடந்தேன்.

கடைசியாகப் பார்த்த ஊர் ரோம். அங்கிருந்து வீடு திரும்ப விமான நிலையத்துக்கு வந்து முடிச்சை அவிழ்த்து, எழுத்துக்கூட்டினேன். பாரிஸ் விலாசம்!

“ஐயோ, இஞ்சை பாருங்கோப்பா! நேற்று முழுக்க இதோடையோ திரிஞ்சனான்?”

“ஓம். பழைய துண்டை மாறி முடிஞ்சிட்டீர். நேற்று பஸ்ஸிலை அவிழ்த்து, வாசிக்காமலே திரும்ப முடியேக்கையே கண்டனான். சொன்னால் இறங்கியிருக்க மாட்டீர்.”

எங்கள் ஊர் உடுவிலில் கோயிலுக்குப் போனாலும் நாலடி முன்னே நடக்கிற மனுசன், நேற்று அத்தனை சனத்துக்குள்ளும் என் கையை விடாமல் பிடித்திருந்தது அதற்குத்தான்.

துண்டைக் கைப்பைக்குள் போட்டேன். வரிசை நகர்ந்தபோது நானே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.