ரெங்கநாயகி தோற்ற பட்டிமன்றம்

ஸ்ரீரங்கம் ரெங்கநாயகியை எந்த அணியில் போட்டாலும் அந்த அணி ஜெயிக்கும். திருச்சி வட்டாரத்தில் விழா நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பகலில் அவர் தபால் நிலையக் கவுண்டரில் பார்சல் எடை போடுகிறவர். விழாக் காலம் வந்துவிட்டால் சாயங்காலங்களில் பட்டிமன்ற மேடை. வீட்டு நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று திருவானைக்காவலில் மனைவி பக்கம் பேசிக் கைதட்டு வாங்கிவிட்டு, அடுத்த வாரமே வையம்பட்டியில் கணவன் பக்கம் பேசி அதைவிடப் பலமாக வாங்கியவர். மனசாட்சி உறுத்தாதா என்று யாரோ கேட்டபோது, "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கே, எதுக்கு உறுத்தணும்?" என்றார். சமாளிப்புக்குச் சொன்னதல்ல, அவர் அப்படித்தான் நம்பினார்.

உறையூரில் ஒரு குடியிருப்போர் சங்கம் காணும் பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தது. தலைப்பு கொஞ்சம் விசித்திரம்: சூரியன் அருகே தெரிவது வேற்றுக்கிரகவாசிகளின் கலமா, கேமராவின் கோளாறா? தலைப்புக்குக் காரணம் பஷீர் அகமது. சிங்காரத்தோப்பில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். விண்வெளியிலிருந்து சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தொலைநோக்கியின் படங்கள் தினமும் இணையத்தில் வரும். அவற்றில் வினோதமான உருவங்கள் தெரிந்தால் அவர் உடனே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். குழுவில் ஒரே சண்டை. மேடையிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சங்கம் சொல்லிவிட்டது. பஷீர் நேராக ரெங்கநாயகிக்குப் போன் செய்தார்.

"அக்கா, கலம்னு பேசற அணிக்கு நீங்கதான் தலைமை. நீங்க பேசினா எடுபடும்."

ரெங்கநாயகிக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாததை மேடையில் பேசும் வழக்கமும் அவருக்கு இல்லை. பஷீர் அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தார். சூரியனின் கண்கூசும் ஒளியைக் கேமராவில் பொருத்திய ஒரு வட்டத் தகடு மறைத்திருக்கும். அதைச் சுற்றி நீல நிறத்தில் புகை போல ஒளி பரவியிருக்கும். அந்த நீலத்தில், ஒரு பக்கமாக, தட்டையான ஒரு உருவம். நடுவில் புடைத்து, இரண்டு பக்கமும் நேர்க்கோடாகச் சிறகு நீட்டி, சின்ன வயதில் அவர் படக்கதைகளில் பார்த்த பறக்கும் தட்டு மாதிரியே இருந்தது. அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"இத வெச்சிண்டு தோக்க முடியுமோ?" என்று கணவர் ஸ்ரீரங்கராஜனிடம் காட்டினார். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "பயமாத்தான் இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பியோடு அந்தப் படங்களைப் பார்ப்பது வழக்கமாயிற்று. மேடையில் சொல்ல இன்னும் பலமான படம் ஒன்று கிடைக்காதா என்றுதான் தேடினார். தேடத் தேட ஒன்று கண்ணில் பட்டது. அந்தத் தட்டு ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம், எறும்பு ஊர்கிற மாதிரி, ஒரே திசையில் நகர்ந்தது. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

போகிக்கு முன்னால் நாத்தனார் மைதிலி போன் செய்தாள். அவள் பெண்ணுக்குத் தை பிறந்ததும் கல்யாணம் வைப்பதாகப் பேச்சு.

"முகூர்த்தம் தள்ளிப் போறது மன்னி. தை பொறந்தாலும் சுக்ர மூடம் விடாதாம். சுக்ரன் சூரியனோடயே ஒட்டிண்டு இருக்கானாம், அது விலகற வரைக்கும் பண்ணப்டாதுங்கறார் வாத்யார்."

ரெங்கநாயகி 'சரி' என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. சுக்கிரன் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றால், சூரியனைச் சுற்றிப் படமெடுக்கும் கேமராவில் அது தெரிந்தாக வேண்டும். படத்தில் அது எங்கே?

கிரகங்களின் இருப்பிடம் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கிப் பார்த்தார். தட்டு இருந்த இடத்தில் வெள்ளி இருந்தது. முந்தின வாரத்துப் படத்தை எடுத்தார், அங்கேயும் அப்படியே. கேமராவுக்குத் தாங்காத அளவு வெளிச்சம் விழுந்தால் அது வழிந்து பக்கவாட்டில் கோடாக இழுக்கும் என்று அந்தத் தொலைநோக்கியை நடத்துகிறவர்களே எழுதி வைத்திருந்தார்கள். சிறகு அதுதான்.

அவருக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அந்தத் தட்டை நினைத்து எழுதிய முழக்கமெல்லாம் வீணாகப் போயிற்று. அடுத்து ஒரு யோசனை வந்தது: இதை எதிரணிதான் கண்டுபிடிக்க வேண்டும், நான் ஏன் சொல்ல வேண்டும்? இத்தனை வருஷமாக அப்படித்தானே பேசியிருக்கிறோம்?

மறுநாள் வேலை முடிந்ததும் பஸ் பிடித்துச் சிங்காரத்தோப்புக்குப் போனார். பஷீர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அது வெள்ளி என்றும், மேடையில் அதைச் சொல்லப் போவதாகவும் ரெங்கநாயகி சுற்றி வளைக்காமல் சொன்னார். பஷீரின் முகம் சுருங்கிவிட்டது.

"சரி, வெள்ளியாவே இருக்கட்டும். அத நம்ம வாயால ஏன்க்கா சொல்லணும்? அது எதிரணி அன்புச்செல்வன் சார் வேலை. நம்ம கட்சிய நம்ம பேசறதுதானே பட்டிமன்றம்?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன் பாய். கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமான்னா எந்தப் பக்கம் வேணா பேசலாம், ரெண்டும் உண்மை. இது அப்படி இல்லயே. அங்க கலம் ஒண்ணு இருக்கணும், இல்ல இருக்கக் கூடாது. நான் நல்லா பேசறதால அது வந்துடப் போறதில்ல."

பஷீர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார். "அப்ப மத்த படத்தையும் பாத்துருவோம்."

இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பளிச்சென்று தெரிந்த கீற்றுகளும் புள்ளிகளும் ஒரு படத்தில் இருந்தன, அடுத்ததில் இல்லை. விண்வெளித் துகள்கள் கேமராவில் மோதினால் அப்படி விழும் என்று அதே குறிப்பில் இருந்தது. கறுப்புச் சதுரங்கள், பூமிக்கு வந்து சேராமல் போன படத் துண்டுகள். ஒரே ஒரு படம் மட்டும் எதற்கும் பிடிபடவில்லை. வளைந்த கொக்கி போல ஒன்று, அடுத்தடுத்த படங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ரெங்கநாயகி எவ்வளவோ பார்த்தார்.

"இது எனக்குப் புரியல" என்றார்.

"அப்ப இது என்னோடது" என்றார் பஷீர்.

காணும் பொங்கலன்று பந்தல் நிறைந்திருந்தது. நடுவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஆன்சி. முதலில் பேச ரெங்கநாயகியை அழைத்தார். திரையில் பறக்கும் தட்டு பெரிதாகத் தெரிந்ததும் கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"இந்தப் படத்தப் பாத்த அன்னைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல" என்று அவர் ஆரம்பித்தார். "இத வெச்சே உங்க எல்லாரையும் நம்ப வெச்சுடுவேன். எனக்கு அது கஷ்டமில்ல. ஆனா இது என்னன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. இது வெள்ளி கிரகம்."

அடுத்தடுத்த நாட்களின் படங்களை வரிசையாக ஓடவிட்டார். தட்டு ஊர்ந்தது. வெள்ளி எங்கே ஊர வேண்டுமோ அங்கே. நாத்தனார் வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போன கதையைச் சொன்னபோது பந்தலே சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜெயிக்கறதுக்கு ஒரு படம் கிடைக்காதான்னு தேடினேன். கிடைக்கல. அதனால நான் தோத்துட்டேன்னு நானே சொல்லிக்கறேன். என் அணியில பஷீர் பாய்கிட்ட ஒரு படம் பாக்கி இருக்கு. அது எனக்கு விளங்கல. அவர் பேசுவார், கேளுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

கைதட்டு வரவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதில்லை. எதிரணித் தலைவர் அன்புச்செல்வன் மைக் முன்னால் வந்து, மறுப்பதற்கு எதுவும் மிச்சமில்லாமல் தடுமாறி, "மேடம் என் பேச்ச பேசிட்டாங்க" என்று திரும்பிப் போனார். பிறகு பஷீர் எழுந்தார். கொக்கிப் படத்தைக் காட்டினார்.

"அக்கா சொன்னதெல்லாம் சரி. நானும் கூட உக்காந்து பாத்தேன். இது கலம்னுதான் என் மனசு சொல்லுது. ஆனா மனசு சொல்லுதுன்னுதான் சொல்ல முடியும்."

அப்போதுதான் கைதட்டு எழுந்தது. ஆன்சி, கேமரா அணி வென்றது என்றும், ஆனால் தன் அணியின் பொய்யைத் தானே உடைத்தவரை இந்த மேடையில் இன்றுதான் பார்த்ததாகவும் தீர்ப்புச் சொன்னார்.

சங்கச் செயலாளருக்குத் திருப்தியில்லை. சண்டையைப் பார்க்க வந்த ஜனங்களை ஏமாற்றிவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். மாசியில் நடந்த விழாவுக்கு ரெங்கநாயகியைக் கூப்பிடவில்லை. வேறு இரண்டு இடங்களிலும் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவருக்கு வருத்தம் இருந்தது. மறைக்கவில்லை. தொலைக்காட்சியில் பட்டிமன்றம் வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். ஆனால் காலையில் காப்பியோடு அந்தப் படங்களைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

சித்திரை கடைசியில் சங்கக் குழுவில் யாரோ ஒரு புதுப் படம் போட்டு, 'மறுபடியும் கலம் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தார்கள். ரெங்கநாயகி பதில் எழுதுவதற்குள் பஷீர் எழுதிவிட்டார்: 'இது புதன். ரெண்டு நாள் தொடர்ந்து பாருங்க, நகரும்.'

மதியச் சாப்பாட்டு வேளையில் ரெங்கநாயகி அவரைப் போனில் பிடித்தார். "அந்தக் கொக்கி என்னாச்சு பாய்?"

"இன்னும் தேடிக்கிட்டுதான்க்கா இருக்கேன். விடறதா இல்ல."

"ஏதாவது தெரிஞ்சா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்."

"உங்களுக்குத்தான்" என்றார் பஷீர். "உடனே நம்பிடாம, சிரிக்காம, முழுசா கேக்கறதுக்கு வேற யாருக்குக்கா தெரியும்?"