சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை

என் மகளுக்கு மூன்றரை வயது. துவரையையும் பச்சைப்பயறையும் தட்டில் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லிவிட்டு, மூக்கில் போட்டுக்கொள்வாளோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒழுங்காகப் பிரித்து முடித்தாலும் நிம்மதி வருவதில்லை. அடுத்து எதைப் பிரிக்கக் கிளம்புவாளோ என்றிருக்கிறது. இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியும்.

தொண்ணூறுகளில், சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் விசைத்தறிக் குடோன் இருந்தது. எட்டுத் தறி. ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். அந்த ஜூனில் என்னைக் கோயமுத்தூரில் ஒரு பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ப்பதாக ஏற்பாடு. நேரில் கூப்பிட்டு நிறம் கேட்பார்கள், வரிசையாக அடுக்கச் சொல்வார்கள் என்று யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா டிகிரி படித்தவள். பிள்ளை கையால் தொட்டுச் செய்துதான் கற்க வேண்டும் என்று எங்கோ படித்துமிருந்தாள். பொம்மை வாங்கவில்லை. நூல் தீர்ந்த காகிதக் கோன்கள் குடோனில் சாக்குச் சாக்காகக் கிடந்தன, சிவப்பிலும் பச்சையிலும். சமையலறைத் தரையில் முதலில் நிறம் பிரித்தோம். பிறகு சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு என்று வரிசை வைத்தோம்.

பக்கத்து வீட்டிலிருந்த அத்தைக்கு இது சிரிப்பாக இருந்தது.

“ஏன் அம்மணி, டிகிரி படிச்சது புள்ளைய வெச்சுக் குப்பை பொறுக்கத்தானா?”

அப்பா சிரிக்கவில்லை. “தறி வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கோட இதெல்லாம் மூட்டை கட்டிப்போடு” என்றார். அதன் பிறகு அம்மா ஒவ்வொரு நாளும் கோன்களை எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வைத்தாள்.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. தறிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் குடோனுக்குள் போனேன். நூல் சுற்றிய புதுக் கோன்கள் சுவரோரம் இரண்டு அடுக்காக இருந்தன. எல்லாம் வெள்ளை நூல்தான். ஆனால் உள்ளிருக்கும் காகிதக் குழாயின் நுனி ஓர் அடுக்கில் முழுக்கச் சிவப்பு, இன்னொன்றில் முழுக்கப் பச்சை. யாரோ வரிசை தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பாவமாக இருந்தது. கைக்கு எட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துத் தூக்கி, சரியாக அடுக்கினேன்.

சிவப்பு நுனி கனத்த நூல், பச்சை நுனி மெல்லிய நூல் என்பது எனக்குத் தெரியாது. கோன் நூலைத் தறிக்கான சிறு குச்சிகளில் சுற்றித் தரும், அதாவது தார் போடும், அக்காவுக்குத் தெரியும்; ஆனால் பல வருடப் பழக்கத்தில் அவர் நுனியைப் பார்ப்பதில்லை. இடப்பக்கம் கனம், வலப்பக்கம் மெலிசு, அவ்வளவுதான் அவருக்கு.

மறுநாள் சாயங்காலம் அப்பா நான்கு தறிகளை நிறுத்தினார். துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கனத்தும் மெலிந்தும் பட்டை பட்டையாக ஓடியிருந்தது.

“ஆரு கோனைக் கலைச்சது?”

“நான் எடத்தப் பாத்துத்தானுங்க எடுத்தேன்” என்றார் தார் அக்கா. அவர் முகம் வெளுத்துவிட்டது.

சத்தம் கேட்டு ஈரக் கையோடு அம்மா வந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, துணியைப் பார்க்கவில்லை. சுவரோரம் மிச்சமிருந்த கோன்களைத்தான் பார்த்தாள். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.

“நாந்தானுங்க. கூட்டறப்ப சாஞ்சு உழுந்துருச்சுங்க. தெரியாம எடுத்து அடுக்கிப்போட்டேன்” என்று அப்பாவிடம் கத்திச் சொன்னாள் அம்மா.

“அம்மா பொய் சொல்லுது! நாந்தான் அடுக்குனேன்!” என்று கத்தினேன். மற்ற நான்கு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. என் குரல் அம்மாவைத் தாண்டிப் போகவில்லை. அவள் என் விரல்களைச் சேர்த்து நெரித்தாள்.

“படிச்சவளுக்குக் கோன் அடுக்கத் தெரியல பாரு” என்று அத்தை அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் கூடவே சிரித்தாள்.

தறி நின்ற அன்றைக்கு நான் அம்மாவோடு பேசவில்லை. அவ்வளவு நீளமான வரிசையை அதற்கு முன் நான் அடுக்கியதே இல்லை. அதை எல்லார் முன்னாலும் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாளே.

மறுநாள் காலையில் வழக்கம்போல் சமையலறைத் தரையில் கோன்களைப் பரப்பினாள். “நீ சரியாத்தான் அடுக்குன கண்ணு. இனி இங்க மட்டும் அடுக்கோணும்” என்றாள். ஒரு சிவப்புக் கோனை என்னிடம் நீட்டியபோது, என்னைப் பார்க்காமல் குடோன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வேலையை எடுத்துக்கொண்டவர்கள் அப்படித்தான் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கோனை வாங்காமலே உட்கார்ந்திருந்தேன்.