மூக்கு கோணலாகிப்போன மூன்று மாதம்

எனக்கும் என் கணவருக்கும் காதல் கல்யாணம். எதைப் பார்த்து மயங்கினாய் என்று கேட்பவர்களிடம் அவருடைய நல்ல குணத்தை என்று சொல்லிவைப்பேன். பச்சைப் பொய். சிவாஜிநகர் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றவரின் கைக்குக் கீழே நசுங்கி நின்றபோது அடித்த வியர்வை வாசம்தான் என்னைக் கவிழ்த்தது. குணமெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன?

அக்காவிடம் மட்டும் சொன்னேன். "இதெல்லாம் உடம்புக் கிறுக்குடி. ரெண்டு வருஷத்துல தெளிஞ்சிடும்" என்றாள். பதினாறு வருடமாகியும் தெளியவில்லை. அவர் கழற்றிப் போட்ட சட்டையை வாஷிங் மெஷினில் போடும் முன் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் போடுவேன்.

போன வருடம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. ஒரு மாதம் எந்த வாசனையும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, ஆனால் கோணலாக. காபியில் ரப்பர் எரியும் நாற்றம். வெங்காயம் வதங்கினால் சாக்கடை. நாளாக நாளாகச் சரியாகும் என்றார் டாக்டர். அவரிடம் நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. என் கணவர் பக்கத்தில் வந்தாலே எனக்குக் குமட்டியது.

எந்த வாயால் சொல்வது? அந்த வாசத்தை நம்பி வீட்டையே எதிர்த்துக்கொண்டு வந்தவள் நான். அதுவும் போய்விட்டால் எங்களுக்குள் என்ன மிச்சம்? மூக்கு விஷயத்தையே வீட்டில் மறைத்து, முதுகு வலிக்கிறது என்று சொல்லி ஹாலில் பாயை விரித்துக்கொண்டேன். மூன்று மாதம் அப்படியே ஓடியது.

நான் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்துவிட்டு அவர் காலையும் மாலையும் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். பூண்டு தின்பதை விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகருக்குக் கறி வாங்கப் போனவர், அங்கேயே ஓர் அத்தர் கடையில் கழுத்து, மணிக்கட்டு, காதுமடல் என்று எல்லா இடத்திலும் பூசிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

"கடைக்கார பாய் சொன்னாரு, இதப் போட்டா வீட்டம்மா பக்கத்த விட்டு நகரவே மாட்டாங்களாம்."

நான் சிங்க்குக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

வாயைக் கழுவிவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் நிற்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடும்மா. நான் தாங்கிப்பேன். இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு வேணாம்."

"ஐயையோ, உங்கள இல்லீங்க! என் மூக்குங்க!"

காபி, வெங்காயம், அவர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்போ நானும் காபியும் ஒண்ணா?"

"காபி கொஞ்சம் தேவலாம்."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடிப்பாவி, குளிச்சுக் குளிச்சு என் தோலே தேஞ்சு போச்சு. மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

அத்தரைக் கழுவப் போனார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் பாதி பயம் இன்னும் போகவில்லை. மூக்கை எடுத்துவிட்டால் எனக்கு இவர் மேல் ஏதாவது இருக்கிறதா இல்லையா? பால்கனிக் கொடியிலிருந்து துணி கிளிப் ஒன்றை உருவி மூக்கில் மாட்டிக்கொண்டேன். ஈரத்தலையோடு வந்தவரின் நெஞ்சில் சாய்ந்தேன்.

வாசனை துளிகூட இல்லை. சூடு இருந்தது. அவர் சிரித்தபோது அந்தச் சிரிப்பு என் கன்னத்தில் அதிர்ந்தது. பிடரியில் கை வைத்தார். எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. என் உடம்பு இந்த ஆளை மறக்கவே இல்லை! தேம்பித் தேம்பி அழுதேன்.

"கிளிப் வலிக்குதா? எடுத்துடவா?"

"கைய வெச்சீங்கன்னா கொன்னுடுவேன்."

மகள் ட்யூஷனிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சமையல் பிறகு ஆகட்டும் என்று வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.